காக்கை உட்காராத தென்னை

கைப்பேசியில் லைன் முழுசாக வேண்டும்; அந்த லைனை அனுப்புகிற டவர் மட்டும் அடுத்த தாமான் குடியிருப்பில் இருக்க வேண்டும். மனித இனம் மற்ற எல்லா விஷயத்திலும் அடித்துக்கொண்டாலும் இந்த ஒன்றில் ஒற்றுமையாக இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமே கிடையாது. மூன்று மொழியிலும் திட்டு வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு அதுதான் வேலை. டவர் வரப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய், அங்கே குடியிருப்பவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். கம்பெனி இதற்காக மலாயில் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தது. “துவான் துவான், புவான் புவான், ஜாங்ஙான் பிம்பாங்” என்று ஆரம்பிக்கும். ஐயாமாரே, அம்மாமாரே, கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். (இதைக் கேட்டவுடன்தான் எல்லோரும் கவலைப்பட ஆரம்பிப்பார்கள்.) பிறகு வீட்டு பல்பு, வானொலி, சூரிய வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக உதாரணம் வரும். கடைசியில் புன்னகையோடு வலது கையை நெஞ்சில் வைத்து முடிக்க வேண்டும். பேசிப் பேசி எனக்கு அது சுவாசம் மாதிரி ஆகிவிட்டது. எங்காவது யாராவது “டவர்” என்று கோபமாகச் சொன்னால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். தூக்கத்தில்கூட ஒருநாள் முழுசாகப் பேசி முடித்தேன் என்று பாகான் டாலாமில் எங்கள் வீட்டில் சாட்சி இருக்கிறது. சாட்சி என் அம்மா.

இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு நான் காதலித்தது ஆச்சரியம்தான். கவிதாவை ஜார்ஜ்டவுனில் ஒரு பல் கிளினிக்கில் சந்தித்தேன். அவள் கவுண்டரில் வேலை செய்தாள். நான் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனவன். வாய் நிறையப் பஞ்சும் மரத்துப்போன நாக்குமாக அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினேன். இவ்வளவு அடக்கமான ஆம்பளையைத் தான் பார்த்ததே இல்லை என்று பிற்பாடு சொன்னாள். ஊசி மருந்து இறங்கும்வரைதான் அந்த அடக்கம் என்று அவளுக்குத் தெரிய நாளாயிற்று. அதற்குள் எங்கள் விஷயம் முற்றிப்போய்விட்டது.

அவள் குடும்பம் ஜெலுத்தோங்கில் ஐந்து மாடி ஃப்ளாட் ஒன்றில் இருந்தது. அப்பா ராஜமாணிக்கம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை இரும்புக் கோபுரத்தின் உச்சியில் கழித்த மனிதர். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அம்மா சரோஜா. அவருக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை செய்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, மறுபடியும் முளைத்து, நல்லபடியாகத் தேறியிருந்தார். சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராஜமாணிக்கத்துக்குத்தான் சரியாகவில்லை.

மனைவியின் பக்கத்தில் எதுவும் அண்டக்கூடாது என்பதில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார். மைக்ரோவேவைத் தூக்கி எதிர்வீட்டு பேபி அக்காவிடம் கொடுத்துவிட்டார். (பேபி அக்காவுக்கு வந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.) கைப்பேசியைத் தலைமாட்டில் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். இந்தச் சமயத்தில் ஃப்ளாட்டுக்கு எதிரே இருக்கிற கடைவீட்டுக் கூரைமேல் டவர் வரப்போகிறது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த மனிதர் அதற்குமேல் தூங்கியிருக்க மாட்டார். ஒரே வாரத்தில் டவர் எதிர்ப்புக் குழு உருவானது. தலைவர் அவர், பொருளாளர் பேபி அக்கா. ‘எங்கள் உயிரோடு விளையாடாதே’ என்று தமிழிலும் மலாயிலும் பேனர் எழுதி, ஃப்ளாட்டின் கீழே இருக்கிற டேவானில், அதாவது பொது மண்டபத்தில், கட்டினார்கள். பேனரில் ஒரு மண்டை ஓடு உண்டு. அச்சடித்தவன் அதற்குச் சிரிப்பு வைத்துவிட்டான்.

கூரைமேல் வரப்போகிற டவர் எங்கள் கம்பெனியுடையது அல்ல. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ஆனால் டவர்க்காரன் டவர்க்காரன்தானே. நான் முதல்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பிக்கு என்ன வேல?”

“தொலைத்தொடர்புல, அங்கிள்.”

“டவர் போடுறவனுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா முந்திக்கொண்டாள். “இல்லப்பா, அவரு ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்குறவரு.”

இது பொய்யில்லை. ஆபீஸில் எனக்கு நாற்காலி இருந்தது. திட்டு வாங்கி முடிந்ததும் அங்கே வந்துதான் உட்காருவேன்.

“அப்ப சரி லா,” என்றார் அவர். “டவர்க்காரன் எவனாச்சும் இந்தப் படி ஏறுனா கால ஒடச்சிருவேன். நீங்க பசியாறுங்க தம்பி.”

நான் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு பசியாறினேன்.

சாயங்காலம் எல்லோருமாகக் கீழே போனோம். ஃப்ளாட்டின் பின்பக்கம் ஒரு சிறிய திடல். அதன் கோடியில் வேலி போட்ட ஒரு சதுரம், வேலி முழுக்கக் கொடி மண்டிக் கிடந்தது. உள்ளே ஏதோ கரண்ட் பெட்டி இருக்கிறது என்றார்கள். அந்தப் புதருக்கு நடுவிலிருந்து ஒரு தென்னை மரம் ஃப்ளாட்டின் உச்சி உயரத்துக்கு ஓங்கி நின்றது. அதன் நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் சரோஜா அத்தையை உட்கார வைத்து, மற்றொன்றில் ராஜமாணிக்கம் மாமா உட்கார்ந்தார். எனக்கு ஒரு சிமெண்டுக் கட்டையும் ஒரு தட்டு பீசாங் கோரேங் எனும் வாழைப்பழ பஜ்ஜியும் கிடைத்தன.

“தெனமும் இவள இங்கதான் கூட்டியாறேன்,” என்றார் மாமா. “மேல வீட்டு முன்னாடி அஞ்சடி நடையில நின்னா எதுத்தாப்புல அந்தக் கூரைதான் தெரியுது. இங்க காத்து சுத்தம். தென்னங்காத்து ஒடம்புக்கு நல்லது. இந்த மரம் இருக்கே தம்பி, ரொம்ப மரியாதையான மரம். ஒரு காய் தலையில போட்டதில்ல. ஒரு மட்ட விழுந்ததில்ல. கூட்டுற வேலையே கெடையாது.”

“யார் வெச்சது, அங்கிள்?”

“தெரியல. ஒரு தைப்பூசத்துக்கு ஈப்போ போயிட்டு வந்து பாத்தா நிக்குது. வளந்த மரத்தையே கொண்டாந்து வெச்சிருக்கானுங்க. நல்ல மண்ணு.”

நான் அண்ணாந்து பார்த்தேன். நல்ல காற்று அடித்தது. திடலின் மறுகோடியில் ஒரு நிஜத் தென்னை ஆடிக்கொண்டிருந்தது. இது ஆடவில்லை. ஓலைகள் அத்தனையும் அளந்து வெட்டியதுபோல ஒரே நீளம். ஓலைகளுக்கு நடுவே பச்சைப் பெயின்ட் அடித்த நீளப் பெட்டிகள் செங்குத்தாக நின்றன. எங்கள் ஆபீஸ் சுவரில் இதன் படம் மாட்டியிருக்கிறது. ஊர்க்காரர்கள் முகம் சுளிக்காமல் இருக்க, தென்னை மாதிரி ஒன்றும் பைன் மரம் மாதிரி ஒன்றும் எங்கள் கம்பெனி வைத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலேயே நட்ட டவர் இது. எதிர்ப்புக் குழுத் தலைவர் அதன் அடியில் மனைவியை உட்கார வைத்துக் காற்று வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் வாயில் பீசாங் கோரேங் இருந்தது. நல்ல வேளை.

மாடிப்படியில் வைத்துக் கவிதாவிடம் சொன்னேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆபத்தா?” என்றாள்.

“ஜாங்ஙான் பிம்…”

“அந்தப் பேச்ச எங்கிட்ட பேசாத. ஆபத்தா, இல்லையா?”

“அளந்து பாத்ததுல ஒன்னும் இல்ல. வரம்புக்கு ரொம்பக் கீழதான் இருக்கு.”

“உங்க அம்மாவ அங்க ஒக்கார வெப்பியா?”

வைப்பேன் என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். அளவு என்னவென்று எனக்குத் தெரியும், அதை நான் நம்பவும் செய்தேன். ஆனாலும் பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு,” என்றாள். “தானே கொண்டுபோய் ஒக்கார வெச்சோம்னு நெனச்சு நெனச்சு செத்துருவாரு. நிச்சயம் முடியட்டும். நானே பக்குவமா சொல்றேன். ஆனா ஒன்னு, அப்பாவ அழ வெச்சிட்டு உன் பின்னால வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

ஆக என் கல்யாணம் என் வாயில் இருந்தது. அந்த வாயின் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

நிச்சயம்வரை அத்தையையாவது அந்த மரத்தடியிலிருந்து நகர்த்திவிடலாம் என்று பார்த்தேன். அங்கே கொசு அதிகம் என்றேன். மாமா கொசுவர்த்தி வாங்கி வைத்தார். டெங்கி வரும் என்றேன். புகை அடிக்க ஆளைக் கூட்டிவந்து அடித்தார். தலையில் தேங்காய் விழும் என்று சொல்லிப் பார்த்தேன். என் அறிவைப் பற்றி அவருக்கு அன்றுதான் முதல் சந்தேகம் வந்தது.

நிச்சயம் டேவானில் என்று முடிவானது. பேனரைக் கழற்ற வேண்டாம் என்று குழு தீர்மானம் போட்டதால், ‘எங்கள் உயிரோடு விளையாடாதே’ என்பதற்கு நேர் கீழே எங்களுக்கு ஆசனம் போட்டிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேலே மண்டை ஓடு சிரித்துக்கொண்டிருந்தது.

மற்ற எல்லாம் தயார். தோரணம்தான் பாக்கி. எங்கள் பக்கம் தோரணம் இல்லாத விசேஷம் விசேஷமே இல்லை. இப்போது கடையில் பிளாஸ்டிக் தோரணம் மலிவாகக் கிடைக்கிறது, பலர் அதைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் அவிழ்ப்பதுகூட இல்லை. மாமாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. “எனக்கு இருக்குறது ஒரே பொண்ணு. அவ விசேஷத்துக்குப் பிளாஸ்டிக் கட்டுவேனா?” என்று பேபி அக்காவிடம் சத்தம் போட்டிருக்கிறார். பாசாரில் ஒருவனிடம் குருத்தோலைக்குச் சொல்லி வைத்தார். விசேஷத்தன்று காலையில் அவன் வரவில்லை. மாமா சன்னல் வழியாகப் பின்பக்கத் திடலைப் பார்த்தார். மறுகோடியில் இருந்த நிஜத் தென்னையில் ஓலை பூச்சி அரித்துக் கிடந்தது. இந்தப் பக்கம் நின்றதோ பச்சைப்பசேல்.

பாகான் டாலாமிலிருந்து பாலத்தைக் கடந்து நாங்கள் இரண்டு காடியில் வந்து இறங்கியபோது டேவானில் ஒருவரும் இல்லை. எல்லோரும் பட்டும் பவுனுமாகப் பின்பக்கத் திடலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு லாரி நின்றது. மரம் வெட்டுகிற தொழில் செய்யும் ஆ செங், மாமாவின் பழைய துறைமுக சிநேகிதர், ஆளைத் தூக்கும் கூடை வைத்த தன் லாரியைக் கொண்டுவந்திருந்தார். கூடைக்குள் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கையில் பாராங் கத்தியோடு என் வருங்கால மாமனார். கிரேன் உச்சியில் வாழ்ந்தவர் ரொம்ப நாளைக்குப் பிறகு மேலே போகப்போகிறார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இயங்கிக்கொண்டிருக்கும் டவர் அது. கீழே உட்கார்ந்திருப்பதற்கும், மேலே போய் அந்தப் பெட்டிகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் ஆட்களே அணைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். போதாததற்கு ஓலைக்கு நடுவே கேபிள் போகிறது, அவர் கையில் பாராங் இருக்கிறது. கவிதாவைத் தேடினேன். அவள் ஃப்ளாட்டின் வாசலில் அலங்காரத்தோடு நின்று, ஏதாவது செய் என்று கண்ணால் சொன்னாள்.

“மாமா, மரத்துல பாம்பு இருக்கு,” என்றேன்.

“பாத்தியா?”

“வால மட்டும் பாத்தேன்.”

“வாலுதானே,” என்று சொல்லிவிட்டு அவர் ஆ செங்குக்குக் கையைக் காட்டினார்.

“தேனீயும் இருக்கு.”

“தம்பி, மாப்பிள்ளை பேசாம இருந்தாத்தான் அழகு.”

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. அதுவரை மண்டையில் இருந்த யோசனை எல்லாவற்றையும்விட அது மோசமானது என்று அப்போது தெரியவில்லை. சீர்த்தட்டோடு நின்ற என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சாங்கியம் பார்ப்பதில் என் அம்மாவை மிஞ்ச வடக்கே கெடா வரைக்கும் ஆள் இல்லை.

“அம்மா, காய்க்காத மரத்து ஓலை விசேஷத்துக்கு ஆகாதுல்ல?”

அம்மாவுக்கு விஷயம் எதுவும் தெரியாது. ஆனால் இப்படி ஒரு கேள்வியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை என்பதால் பூரித்துப்போனார். “ஆகவே ஆகாது,” என்றார். “மலட்டு மரத்து ஓலையக் கட்டுனா குடும்பம் விளங்காது, சம்பந்தி. எறங்கிருங்க.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பெரியவர்கள் தலையாட்டினார்கள். நான் பெருமூச்சு விட்டேன். மாமா யோசித்தார். பிறகு நியாயமாக ஒன்று சொன்னார்.

“சம்பந்தி சொல்றது சரிதான். ஆனா கீழருந்து பாத்தா எப்படித் தெரியும்? உச்சிக்கே போயி பாத்துட்டு வரேன். காய் இருந்தா வெட்டுறேன். இல்லன்னா எறங்கிடுறேன்.”

கீழ் ஓலையில் ஒன்றை வெட்டிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டிய மனிதரை, நான் உச்சிக்கே அனுப்பி வைத்தேன். கூடை கிர்ரென்று மேலே போயிற்று. போகிற வழியில், எதற்கும் இருக்கட்டும் என்று கீழ் ஓலை ஒன்றைப் பாராங்கால் ஒரு போடு போட்டார். அது முறிந்து கீழே வந்து விழுந்தது. ஓலை விழுகிற சத்தம் இல்லை. வாளி விழுகிற சத்தம். ஆ செங் அதை எடுத்துத் தட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

“இனி பிளாஸ்டிக் லா,” என்றார் மலாயில். இது பிளாஸ்டிக் என்று அர்த்தம்.

மேலே இருந்தவருக்கு அது கேட்கவில்லை. அவர் ஓலைகளை விலக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் குரல் திடல் முழுக்கக் கேட்டது.

“சம்பந்தி, காய் இருக்கு. நல்லா நீளமா, பச்சப்பசேல்னு இருக்கு. இப்பிடி ஒரு காய நான் பாத்ததே இல்ல. ஒன்னு வெட்டிப் போடுறேன், தட்டுல வைங்க.”

பாராங் ஓங்கியது. இதற்குமேல் பக்குவம் பார்க்க நேரமில்லை. கவிதா, கல்யாணம், கால் இரண்டு, எல்லாம் போகட்டும் என்று நான் கத்தினேன்.

“மாமா, கை வைக்காதீங்க. அது டவர்.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. ஆ செங்குக்குத் தமிழ் தெரியாது, ஆனால் டவர் தெரியும். அவர் அவசரமாகக் கூடையைக் கீழே இறக்கினார்.

“என்னா டவரு?” என்றார் பேபி அக்கா.

“தென்னை மாதிரி செஞ்ச டவர், அக்கா. எங்க கம்பெனி போட்டது.”

“டவரா?” என்று அவர் கோபமாகத் திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் திறந்துகொண்டது.

“துவான் துவான், புவான் புவான், ஜாங்ஙான் பிம்பாங்.”

என் குரலை நானே கேட்டேன், நிறுத்த முடியவில்லை. பல்பு வந்தது. வானொலி வந்தது. சூரிய வெளிச்சம் வந்தது. புன்னகைகூட அதனதன் இடத்தில் வந்தது. என் அம்மா தட்டில் இருந்த வெற்றிலையையும் பாக்கையும் பார்த்துக்கொண்டு நின்றார். கவிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் வலது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. யாரும் கைதட்டவில்லை.

பிறகுதான் வியாதிகள் ஆரம்பித்தன. பேபி அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்தே தலை வலிக்கிறது, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார். (அதே மைக்ரோவேவில் காலையில் புட்டு சுட வைத்தவர்.) ஒருவருக்கு முட்டி வலி. ஒருவருக்குத் தூக்கமின்மை. ஒருவர் தன் மகன் பரீட்சையில் தவறியதற்கும் காரணம் கண்டுபிடித்தார். அந்த டவர் நின்ற இத்தனை வருஷத்தில் வராத நோயெல்லாம் பெயர் தெரிந்தவுடன் வந்து சேர்ந்தது.

மாமாவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கூடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

“எப்பத்துலருந்து தெரியும்?”

“மொத நாளே, மாமா.”

“மொத நாளேயா.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னைத் தாண்டிப் போனார். பட்டு வேட்டியோடு மண்ணில், அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சரோ,” என்றார். “எதெதுல இருந்தோ உன்னக் காப்பாத்துறேன்னு, நானேதான் தெனமும் உன்ன இங்க கொண்டாந்து ஒக்கார வெச்சேன்.”

சொல்லிவிட்டு அழுதார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதது. எனக்கு என்மேல் வந்த வெறுப்புக்கு அளவில்லை. அளவு, வரம்பு, வரம்புக்குக் கீழே என்று எத்தனை ஊரில் எத்தனை பேரிடம் சிரித்த முகத்தோடு பேசியிருப்பேன். அந்தக் கூட்டத்தில் எல்லாம் இப்படி ஒருவர், வீட்டில் ஒரு சரோவை வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்திருப்பார். அது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தை அவர் தலையைத் தடவினார்.

“எனக்குத் தெரியும்ங்க,” என்றார்.

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

“காக்கா ஒக்காராத தென்னமரம் எங்க இருக்கு? ஊரு காக்காயெல்லாம் அந்தப் பூச்சி புடிச்ச மரத்துல போயி ஒக்காருது. இது மேல ஒன்னு ஒக்காந்து பாத்ததில்ல. கார்த்திக தீவத்தன்னிக்குக் காத்தும் மழையுமா அடிச்சுதே, ஒரு ஓலகூட ஆடல. அப்பவே நெனச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லி?” என்றார் அத்தை. “நீங்க போர்ட்டுல இருந்தவரைக்கும் ஷிஃப்டு. எனக்கு ஒடம்புக்கு வந்தப்போ ஆஸ்பத்திரி. அப்பறம் குழு, மீட்டிங்கு, பேனரு. இந்த மரத்தடியிலதான் எம் பக்கத்துல நீங்க சும்மா ஒக்காந்தீங்க. சொன்னா அதுவும் போயிரும்ல.”

ஆ செங் லாரி எஞ்சினை அணைத்தார். பேபி அக்காவின் தலைவலிகூடக் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

“லைனும் இங்கதான் நல்லா வந்துச்சு,” என்று அத்தை சேர்த்துக்கொண்டார். “ஈப்போ தங்கச்சி மூஞ்சி தெளிவாத் தெரியும். எழுந்திரிங்க, வேட்டியெல்லாம் மண்ணு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வெயில்ல நிக்கிறாங்க.”

மாமா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நீ மறச்சது தப்பு,” என்றார். “அத நான் மறக்க மாட்டேன். ஆனா வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா உனக்குப் பொண்ணு கெடச்சிருக்கும், எனக்கு என்னா ஆயிருக்குமோ. பொண்ணு போனாலும் பரவால்லன்னு கத்துன பாரு, அத மேல நின்னு பாத்தேன். உள்ள வா.”

“சரி, மாமா.”

“அந்த மலாய்ப் பேச்ச எவ்வளவு பேரு கேட்டாங்களோ தெரியல. இனிமே எவ்வளவு பேரு கேப்பாங்களோ அதுவும் தெரியல. எவன் வீட்டுலயாவது பேசு. என் வீட்டுல பேசக்கூடாது.”

இப்படியாக எனக்கு நிச்சயம் நடந்தது. சொன்ன நேரம் தவறி, சிரிக்கும் மண்டை ஓட்டின் கீழே. குருத்தோலை கிடைக்காததால், மாமா வெட்டிய அந்த ஒற்றை ஓலையையே ஆ செங் டேவான் வாசலில் கம்பி வைத்துக் கட்டிவிட்டார். ஒரே பெண்ணின் விசேஷத்துக்கு மாமா கடைசியில் பிளாஸ்டிக்தான் கட்டினார்.

அன்று மாலையே என்னை எதிர்ப்புக் குழுவுக்குச் செயலாளராக்கினார்கள். சம்மதம் கேட்கவில்லை. தென்னையை அகற்றச் சொல்லி எங்கள் கம்பெனிக்குப் புகார் எழுதும் வேலை என்னுடையது. எழுதினேன். அது ஆபீஸுக்கு வந்து, புகாருக்குப் பதில் எழுதும் வேலையும் என் மேசைக்கே வந்தது. புகார் ரொம்ப விவரமாக இருக்கிறதே, யாரோ உள்விஷயம் தெரிந்தவன் என்று மேலாளர் பாராட்டினார். என் பதிலைக் குழு நிராகரித்தது. என் மறுப்பை ஆபீஸ் நிராகரித்தது. இந்தப் போராட்டம் முற்றி, நானே என்னைப் பார்த்துப் பேச்சுவார்த்தைக்கு வரும்படி அழைத்த கட்டத்தில், வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூரைமேல் வர இருந்த டவர் வரவில்லை. தென்னை இன்னும் நிற்கிறது. அதன்மேல் குழுவின் விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மாமா நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு திடலின் மறுகோடிக்கு, பூச்சி பிடித்த நிஜத் தென்னைக்கு அடியில் போனார். அடுத்த வாரமே அது ஒரு நெற்றை அத்தையின் நாற்காலிமேல் போட்டு இரண்டாகப் பிளந்தது. அத்தை அப்போது தேத்தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அதன்பிறகு மாமாவுக்கு எந்த மரத்தின்மீதும் நம்பிக்கை இல்லை. இருவரும் இப்போது வீட்டுக்கு வெளியே அஞ்சடியிலேயே உட்காருகிறார்கள். அங்கே லைன் வராது. ஈப்போ தங்கச்சியின் முகம் சதுரம் சதுரமாக வந்து நின்றுவிடும். அத்தை போனை வைத்துவிட்டு மாமாவிடமே பேசிக்கொண்டிருப்பார்.

அந்த ஓலை எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. பொங்கலுக்கு, தீபாவளிக்கு, மகளின் பிறந்தநாளுக்கு, அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுவது என் பொறுப்பு. வாடாத தோரணம், கொடுத்து வைத்தவர் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்ல, கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். கவிதா எனக்கு வாய் வலிக்கிறதா, பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்பாள்.

போன மாதம் அத்தைக்கு வருஷாந்தர சோதனை. முடிவுக்காக ஆஸ்பத்திரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நாளில் மாமாவின் கை சும்மா இருக்காது. காகிதத்தை மடிப்பார், பிரிப்பார், கதவையே பார்ப்பார். நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்து, என் வாயை நினைத்து, சும்மா இருந்தேன்.

அத்தை அவர் பக்கம் திரும்பினார். முதுகை நிமிர்த்தி, அளவாகப் புன்னகை செய்து, வலது கையை எடுத்து நெஞ்சில், தழும்பு இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டார்.

“துவான் துவான், புவான் புவான்,” என்றார். “ஜாங்ஙான் பிம்பாங்.”

மாமா வெடித்துச் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தாதி கதவைத் திறந்து, சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்றாள்.